ஒன்பது புள்ளி வாங்கிய அத்தியாயம்

வெள்ளைக்காரர் காலத்துக் கண்டியில் நடக்கும் துப்பறியும் நாவல்கள் எழுதுகிறவன் நான். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஒருவர்தான் என் துப்பறிவாளர். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார். அவரைப் படைத்தவன் நெற்றியில் ஏற்றிவைத்த மூக்குக்கண்ணாடியை வீடெல்லாம் தேடுவான்.

முதல் வாசகி என் மனைவி. இப்போது இல்லை. கணக்கு டீச்சர். பிள்ளைகளின் கொப்பிக் கட்டோடு என் அத்தியாயத்தையும் வைத்துத் திருத்தி, சிவப்புப் பேனாவால் பத்துக்குப் புள்ளி போடுவாள். இருபது வருடத்தில் நான் ஆறைத் தாண்டியதில்லை. தேயிலை வருவதற்கு முன்னால், மலையெல்லாம் கோப்பி விளைந்த காலத்தில் ஒரு தோட்டக் கூலியைத் தேத்தண்ணி குடிக்க வைத்ததற்கு இரண்டு. நாவலப்பிட்டிக்குத் தண்டவாளமே போடாத காலத்தில் கொலைகாரனை அங்கே ரயிலில் தப்ப வைத்ததற்குப் பூச்சியம்.

"நடந்தே போகச் சொல்லுங்க. நேரத்துக்குப் போய்ச் சேருவான்," என்றாள்.

போன வருடம் தொடங்கிய நாவலில், ஒரு தோட்டக் கங்காணியின் மனைவிக்கு யாரோ கொஞ்சங்கொஞ்சமாக நஞ்சு கொடுக்கிறார்கள். அவள் உடம்பு கெடுவதைக் காட்டச் சின்னச் சின்னத் தடயங்கள் தேவைப்பட்டன. கண்ணெதிரே இருந்தவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அம்பிட்டியவில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறும் வழியில் என் மனைவி அப்போதெல்லாம் மூன்று இடத்தில் நிற்பாள். பக்கத்து வீட்டு அந்தூரியப் பூவைப் பார்க்கிறேன் என்பாள். கங்காணியின் மனைவியையும் மூன்று இடத்தில் நிறுத்தினேன். இவள் இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள், அவளுக்கும் இரண்டு. இவள் செருப்பு வாரை ஒரு துளை தளர்த்தினாள். அவளுக்குக் கால் தண்டை இறுகியது. என்ன நுட்பமான பார்வை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்தாள். வெகுநேரம் பேனா அசையவில்லை.

"இந்தப் பொம்பளைக்கு நடக்குறது வீட்ல யாருக்குமே தெரியாதாங்க?"

"புருசங்காரன் பாக்குறான். ஆனா வெளங்கல. மடையன்."

"மடையன்னு எழுதிராதீங்க. வாசிக்கிறவங்களே கண்டுபிடிச்சிருவாங்க."

'மூன்று' என்பதை அடித்து 'நாலு' என்று எழுதினாள். கீழே ஒன்பது புள்ளி.

"ஒம்பதா! மிச்சம் ஒண்ணு எங்க?"

"முடிவு நல்லா வந்தா பாப்போம்."

தெல்தெனியவில் இருக்கும் நண்பனுக்கு அன்றே போன் எடுத்து ஒன்பதைச் சொன்னேன். விருது வாங்கியவன்கூட அவ்வளவு பீற்றிக்கொள்ள மாட்டான்.

மூன்று கிழமை கழித்துப் பாடசாலைப் படிக்கட்டில் விழுந்துவிட்டாள். இதயம் பெருத்துப்போயிருந்தது. வார்டு டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்.

"எத்தினை மாசமா மூச்சு வாங்குது? கால் வீங்கினதோ? தலையணை உயர்த்தி வைச்சோ படுக்கிறவ?"

எல்லாவற்றுக்கும் தவறில்லாமல், வரிசையாகப் பதில் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"இவ்வளவும் பாத்திருக்கிறியள். பேந்து ஏன் ஐயா முந்தியே கூட்டிக்கொண்டு வரேல்லை?"

பதினொரு நாவலில் எந்தக் குற்றவாளியும் இப்படி ஒரு கேள்விக்கு முன்னால் நின்றதில்லை.

மாலையில் அவளிடம் கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கதான் எழுதியிருந்தீங்களே. தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுதுறீங்கன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நேர்ல கேக்கப் பயந்துக்கிட்டு எழுதிக் காட்டுறீங்கன்னு. அதான் நாலுன்னு திருத்துனேன். அப்புறம் நீங்க ஒண்ணும் கேக்கல. புள்ளியத்தான் கேட்டீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எந்த அத்தியாயத்திலும் எழுதப் போவதில்லை.

அடுத்த கிழமை அவள் போய்விட்டாள்.

பதிப்பாளர் முடிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் கங்காணி வீட்டு வாசலில் மாதக்கணக்காக நிற்கிறார். நான் உள்ளே விடவில்லை. உள்ளே போனால் நஞ்சு கொடுத்தவனை விட்டுவிட்டுப் புருசனைத்தான் பிடிப்பார்.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கி அவள் நின்ற இடங்களில் நின்று நின்று ஏறினேன். மதகு ஒன்று. பலாமரத்தடி இரண்டு. அந்தூரியம் மூன்று. அங்கிருந்து வீட்டுப் படலை வரைக்கும் நாலாவது இடத்தைத் தேடினேன். மேலும் கீழுமாக இரண்டு தரம் நடந்தும் பார்த்தேன். தெரியவில்லை. அந்தத் துண்டு வழியில் நான் எப்போதும் முன்னால் போய்விடுவேன், கதவைத் திறக்க.