அவள் அடுக்கிய சீட்டுக்கட்டு

எண்பதுகளில் ஒரு மத்தியானம், அரூர் பஸ் நிலையத்தில் சேலம் வண்டிக்காக நின்றபோது அவரைப் பார்த்தேன். சீட்டு வித்தைக்காரர். இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. பேசும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் சீட்டுக்கட்டின் ஓரத்தை வருடிக்கொண்டே இருந்தது.

"ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார். கூட்டத்தில் யாரோ பதினேழு என்றார்கள். "ஆர்ட்டின் ராணி" என்று சொல்லிவிட்டு, பதினேழாவது சீட்டை எண்ணி உருவிக் காட்டினார். அதேதான். ஐம்பத்திரண்டு சீட்டும் எந்த வரிசையில் இருக்கின்றன என்பது அவருக்கு மனப்பாடம்.

சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி ஒருவன் சீட்டுக்கட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினான். சத்தமில்லாமல் கலைத்துத் திருப்பிக் கொடுத்தான். அடுத்து அவர் சொன்ன மூன்று சீட்டும் தப்பு. கூட்டம் சிரித்தபடி விலகியது.

"கலைஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டார். நான்தான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆமாம் என்றேன்.

"எங்கூட்டுக்காரி அடுக்கி வெச்சதுங்க. அவ செத்து ஆறு மாசமாச்சு. அன்னைலருந்து யாரு கையிலயும் குடுக்காம காப்பாத்திட்டு வந்தேன்."

அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சீட்டாகத் தேடி அடுக்கினேன். பாதிகூட முடியவில்லை, வண்டி வந்துவிட்டது.

"ஏறுங்க சார், உங்களுக்கு வேல இருக்கும்" என்றார். அடுக்கியதை ஒரு கையிலும் மீதியை மறு கையிலும் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன்.

அன்று சேலத்தில் எனக்கு அவசரம் எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் அடுத்த வண்டியும் இருந்தது. ஏன் ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.