காலுக்குத் தரை இல்லாத சுனை

இன்று காலை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததும் எழுந்த பாசி வாசனை, ஒன்பது வயதில் நான் பார்த்த நாகலாபுரத்து மலைச் சுனைக்கு என்னை இழுத்துப் போய்விட்டது.

பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்த நைனா, ஒரே ஒரு கோடையில் அம்மாவையும் என்னையும் அந்த மலையடிவார ஊருக்குக் கூட்டிப் போனார். குரங்குகள் ஓடும் சத்தம் ஓயாத ஓட்டு வீட்டில் தங்கி, விடிந்ததும் கட்டுச்சோற்றோடு பாறை பாறையாக ஏறிச் சுனைக்குப் போனோம். இடுப்பளவு ஏரியில் நடந்தே வலை வீசும் நைனாவுக்கு நீந்தத் தெரியாது, அதற்குத் தேவையும் வந்ததில்லை.

"ஏரியிலயே பொறந்தவனுக்கு இதெல்லாம் இன்னா தண்ணி!" என்றபடி குதித்தார்.

கறுத்த நீர் மூடிக்கொண்டது. குமிழிகள் வந்தன, பிறகு அவையும் வரவில்லை. அம்மா சோற்று மூட்டையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

விறகுக்கட்டு சுமந்து வந்த ஒருத்தி, அதிலிருந்து நீளமான கழியொன்றை உருவி நீருக்குள் விட்டாள். அதைப் பற்றிக்கொண்டு மேலே வந்த நைனா, அம்மாவிடம் சொன்னார்:

"காலுக்குத் தரையே இல்லடி. தேடிக்கினே போறேன், இல்லவே இல்ல."

அந்த ஓட்டு வீடு இப்போது இல்லையாம். ஊர் திரும்பிய பிறகு நைனா, பிறந்ததிலிருந்து நடந்த ஏரியிலேயே, படகுக் கழியால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அவர் கால் பதியும்வரை நான் கரையில் மூச்சுவிடமாட்டேன்.