குழு வந்த நாளில் ஒரு சவரம்

சிறை மருத்துவமனை வார்டு உதவியாளரைக் கைதிகள் 'சீப்பு அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். தலை சுத்த வழுக்கை, சட்டைப்பையில் மட்டும் எப்போதும் ஒரு சீப்பு. உங்களுக்கு எதுக்குண்ணே அது என்று யாராவது சீண்டினால், உங்க மூஞ்சியையெல்லாம் பார்க்கச் சகிக்கலையே, அதுக்குத்தான் என்பார். வாய்தான் அப்படி. யாருக்கு என்ன துடைத்துவிட்டாலும் முகம் சுளிக்காத மனுஷன்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்றால், படுத்த படுக்கையாய்க் கிடப்பவனுக்கும் சவரம் செய்து, தலை வாரி, சலவைச் சட்டை மாட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்துவிட வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை. எப்போதோ ஒருவன் தாடியும் மீசையுமாய்க் கிடந்ததற்கு சீப்பு அண்ணன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து கை தானாகவே செய்யும்.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவன், ரயில் நிலையத்தில் குண்டுப் பையை வைத்துவிட்டு நடந்து போனவன். மீசை முளைத்த வயதில் உள்ளே வந்தான். இப்போது ஈரல் முழுக்கப் புற்றுநோய். அந்தக் குண்டில் செத்தவர்களில் ஒருவன் சீப்பு அண்ணனின் மைத்துனன், மனைவிக்கு ஒரே தம்பி. மேலிடத்தில் சொல்லி வேறு வார்டு கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியாது. மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், அவனைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் வரக்கூடாதென்று. அவரும் வெளிக்குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் படியேறுவார்.

சாகிறபோதாவது என் வீட்டில் சாகட்டும், விடுதலை செய்யுங்கள் என்று அவனுடைய அக்கா மனு போட்டாள். வார்டே ரெண்டுபட்டது. ரயிலுக்கு நின்றவர்களை இவன் வீட்டில் சாக விட்டானா என்று காவலர் பொரிந்து தள்ளினார். செத்துக்கொண்டிருக்கிறவனைப் பூட்டி வைத்து யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று நர்ஸம்மா மல்லுக்கு நின்றாள். சீப்பு அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

மனுவை விசாரிக்கும் குழு நேரில் பார்க்க வந்த காலையில், வழக்கம்போல சோப்பும் ரேசருமாய்ப் போய் உட்கார்ந்தார். கன்னம் குழிவிழுந்து ரேசர் பதியவில்லை. நாக்கை உள்ளேயிருந்து முட்டுக்கொடுக்கச் சொன்னார். அவனும் சின்னப்பிள்ளை மாதிரி கன்னத்தை உப்பிக் காட்டினான்.

"அக்கா மாடி ரூமைக் கழுவி வச்சிருக்காளாம்ணே."

"பேசாத. வெட்டிரும்."

மூன்று பேர் வந்தார்கள். மழமழவென்ற முகத்தோடு, வாரிய தலையோடு, தலையணையில் சாய்ந்து அவன் கைகூப்பினான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். இத்தனை வருஷமாக அதிகாரிகள் கேட்கும்போதெல்லாம் சொன்ன பதிலையே அவன் சொன்னான்: "நல்லா இருக்கேங்கய்யா." டாக்டரின் அறிக்கை ஒன்று சொன்னது, கண் வேறொன்று சொன்னது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயா, நேற்று வரைக்கும் இவனால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை என்ற வார்த்தை கட்டில் காலடியில் நின்ற சீப்பு அண்ணனுக்குத் தொண்டை வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

உடனடி ஆபத்து இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வாரமே அவன் போய்ச் சேர்ந்தான். உடலை வாங்க வந்த அக்கா, தம்பியின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தீர்கள், நீங்கள் நல்லாயிருக்கணும் என்று சீப்பு அண்ணனைக் கும்பிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அதன்பிறகு கண்ணாடி முன் நின்றால் அந்தக் குழிவிழுந்த கன்னம்தான் தெரிந்தது. பாதி முகத்தில் நுரையோடு அப்படியே நின்றுவிடுவார். பேய் பிடித்தவர் மாதிரி ஏன் நிற்கிறீர்கள் என்று மனைவி ஒருநாள் துருவித் துருவிக் கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவளுக்கு மனம் ஆறும் என்றுதான் நினைத்தார், பாவம்.

அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "வேணும்னே செஞ்சீங்களா?" என்றாள்.

"கை பழக்கம். எல்லாருக்கும் செய்யறதுதானே."

"சவரத்தை யாரு கேட்டா? வாயை மூடிக்கிட்டு நின்னீங்களே, அதைக் கேக்கறேன்."

அவர் முகத்தில் மிச்சமிருந்த நுரையைத் துண்டால் துடைத்தார்.

"என் தம்பிக்காகன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவனை இதுல இழுக்காதீங்க."

சொல்வதற்கு அவரிடம் வேறு காரணம் எதுவும் இல்லை.