காசின் மினுக்கும் என் 'இல்லை'யும்

சேகரிப்புக் காசுகளின் மேனி மினுக்கைப் பார்த்துச் சொல்கிற தொழிலில் கண்ணுக்கு வேலை கால்வாசிதான். மீதி முக்காலும், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து 'இல்லைங்க' என்று சொல்கிற வேலை. நகைக்கடையில் உரசிப் பார்ப்பவரே, பழைய வண்டிக்கு விலை சொல்லும் மெக்கானிக்கே, பொருத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும் ஜோசியரே, நீங்களும் நம்ம ஜாதிதான். கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வரிசைக்குப் பின்னால் தாமு அண்ணனின் காசுக்கடை. அங்கே இரண்டு வருடம் இருந்தேன். யார் காசு கொண்டுவந்தாலும் ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்து, அது என்ன ஃபினிஷ் என்று ஒரு வெள்ளை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கண்ணாடி மாதிரித் தரை, அதன்மேல் பனி படிந்த உருவம் என்றால் ப்ரூஃப். மொத்தமும் மாவு தூவியது போல மங்கலாக இருந்தால் மேட். சாதாரணப் புதுக்காசு என்றால், மயில்கழுத்துப் பட்டைச் சாய்த்தால் நிறம் ஓடுமே, அதுபோல வெளிச்சம் வட்டமாக ஓடும். தேய்த்த காசில் ஓடாது. செத்துக் கிடக்கும்.

என் குரல் சின்னது. அதனால் என் 'இல்லை'யைக் கொஞ்சம் அழுத்தினால் 'ஆமாம்' ஆகிவிடும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. தாமு அண்ணனுக்கும்தான். ஒருநாள் சொல்லியே விட்டார். "வர்றவன்லாம் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு போறான். ஒரு பெரிய பார்ட்டி இப்படிப் போச்சுன்னு வெய்யி, அந்த நாற்காலி உனுக்கு இல்ல." எனக்கு அந்த நாற்காலி வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதில்தான் இருந்தது. அட்டையில் என் கையெழுத்து பொய்யாகாமலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எத்தனை நாள் ஓடியது என்பதுதான் கதை.

உரைகல்

சரிகை வியாபாரி ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்துக்கு யாரோ பரிசளித்த வெள்ளி ப்ரூஃப் காசு, மூடிய டப்பாவோடு. டப்பாவைத் திறந்து விளக்கில் காட்டியதும் எனக்கே மூச்சு நின்றது. தரையில் என் முகம் தெரிந்தது. "ஓரத்த மட்டும் புடிங்கண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அட்டை எடுக்கத் திரும்பினேன். ஆச்சா? திரும்பிப் பார்த்தால் மனிதர் சட்டைப் பையிலிருந்து உரைகல்லை எடுத்து, காசை அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டிருந்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் சரிகையைக் கல்லில் உரசாமல் வாங்குகிறவன் கிடையாது. சிவப்பாகக் கோடு விழுந்தால் போலி. முப்பது வருடம் பழகிய கை. ஆனால் கண்ணாடியில் விழுந்த கோடு விழுந்ததுதான். 'ப்ரூஃப், தரையில் உரசல்' என்று எழுதினேன். அட்டையில் 'உரசல்' என்பதை எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கல்லை என் மூக்குக்கு நேராக நீட்டினார்: "கல்லே சுத்த வெள்ளின்னு சொல்லிடுச்சு, அதுக்கு மேல நீ யாருபா குறை சொல்றதுக்கு?"

வெள்ளிக்கிழமை

திருப்புட்குழியிலிருந்து ஒரு அம்மா. பக்கத்து வீட்டிலும் இதே நினைவுக் காசு இருக்கிறதாம். அது கறுத்த கண்ணாடி மாதிரி இருக்க, இவருடையது மட்டும் வெள்ளையாக ஜொலிக்கிறதாம். "ஏதோ அபூர்வமான ஃபினிஷ்னு பையன் சொல்றான். நல்லாப் பாரு கண்ணு." பார்த்தேன். தலைமுடி போலக் கீறல்கள், வட்ட வட்டமாய், ஓரம் முதல் நடு வரைக்கும். "அம்மா, இத எதால தொடைப்பீங்க?" "தொடைக்கிறது என்னா, வாராவாரம் விபூதி போட்டுத் தேச்சு சாமிகிட்ட வெப்பேன்."

டப்பாவைப் பிரித்து, முத்திரையை உடைத்து, குத்துவிளக்கோடு குத்துவிளக்காகத் தேய்த்திருக்கிறார். வீட்டில் வெள்ளி என்றால் விபூதி. அந்தக் காசுக்கு மட்டும் அந்த மரியாதை ஆகாது என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? நான் சொன்னேன். பர்ஸை மூடிக்கொண்டு எழுந்தார்: "சாமிக்குப் பளிச்சுனு தெரியுது. உன் பூதக்கண்ணாடிக்குத் தெரியலன்னா நீ போயி கண்ண காட்டு."

சாயத் தொட்டி

முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு ஏறிய கையோடு ஒருவர் பத்து ரூபாய்க் காசை நீட்டினார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். காசின் வெளிவளையம் மஞ்சளாக இருக்க வேண்டியது, செம்பு நிறத்தில் இருந்தது. அரசாங்கம் காசு அடிக்கிற மின்ட்டில் உலோகம் மாறிப்போன காசு, லட்சத்துக்குப் போகும் என்று வீடியோவில் பார்த்தாராம். "அண்ணே, இது தொட்டியில விழுந்துச்சா?" என்றேன். "விழுந்தா? ஒரு நாள் முழுக்கக் கொதிச்சிது. தண்ணிய எறைக்கும்போதுதான் கெடச்சிது. அதுக்கு என்னா?"

சாயத்துக்குப் போடும் அமிலமும் சூடும் மஞ்சள் வளையத்திலிருக்கும் அலுமினியத்தைத் தின்றுவிட்டால் செம்புதான் மிஞ்சும் என்றேன். நம்பவில்லை. "இன்னொன்ன நீங்களே போட்டுப் பாருங்கண்ணே" என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தார். மேசையில் மூன்று காசுகளைப் பரப்பினார். மூன்றும் செம்பு. அவரே சிரித்தார்: "அப்ப நான் வீட்லயே மின்ட்டு வெச்சுக்கினு கீறேன்னு சொல்லு!"

மணல்

ஏனாத்தூரில் படிக்கிற ஒரு மாணவர் 'மேட்' என்று ஒரு காசைக் கொண்டுவந்தார். அச்சிலேயே மங்கல் வைத்து அடித்த காசில் எழுத்தின் விளிம்பு கத்தி போல நிற்கும். இதில் எழுத்தெல்லாம் சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டிருந்தது. கண்ணாடியில் பூ வரைகிற கடையில் மணல் அடித்த வேலை. சொன்னேன். அந்தக் காசின் படத்தைப் போட்டிருந்த போனை என் முன்னால் தள்ளினார்: "சார், கீழ பாருங்க, நாப்பது பேரு ஹார்ட்டு விட்டிருக்காங்க, நாப்பது பேருக்குமா கண்ணு தெரியாது?"

முலாம்

அந்தப் பெரிய பார்ட்டி வந்தே விட்டார். ஒரு கல்லூரிப் பேராசிரியர். அலமாரி நிறையச் சேர்ப்பவர். வெளியே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். தாமு அண்ணன் உள்ளே வந்து, அவருக்கு விற்க வைத்திருந்த ஒரு காசை என் விளக்கின் கீழ் வைத்தார். நூறு ரூபாய் வெள்ளி நினைவுக் காசு, முழுக்கத் தங்க நிறம். "மின்ட்டுலயே முலாம் போட்டது. அட்டைய எழுது."

சாய்த்தேன். தங்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கீறல்கள் இருந்தன. அந்தக் கீறல்களின் அடியிலும் தங்கம் இருந்தது. மின்ட்டில் பூசியிருந்தால் முதலில் தங்கம், அப்புறம்தான் கீறல். கீறலுக்குள் வெள்ளி தெரியும். இதில் முதலில் கீறல், அப்புறம் தங்கம். சரிகைக்கு முலாம் போடும் பட்டறை இந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். 'வெள்ளி, முலாம் பின்னால் பூசியது' என்று எழுதினேன்.

தாமு அண்ணன் படித்தார். கிழித்தார். புது அட்டை வைத்தார். அதையே எழுதினேன். அதையும் கிழித்தார். மூன்றாவது அட்டை. எழுத்து கோணியது. ஆனால் சொல் மாறவில்லை. வெளியே பேராசிரியர் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கண்ணு உன்னுதா இருக்கலாம்டா. அட்டை என்னுது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கையெழுத்து என்னுதுண்ணே" என்றேன். அன்றுதான் என் குரல் அடுத்த அறை வரைக்கும் போனது என்று பிறகு தெரிந்தது.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார்: "அப்ப உன் கையெழுத்தத் தூக்கிக்கினு கெளம்பு."

அரை மேசை

கிளம்பினேன். பூதக்கண்ணாடி என்னுடையது, எடுத்துக்கொண்டேன். என் சிநேகிதன் ஜான்சன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்; அவனிடம் நல்ல விளக்கு இருக்கிறது, அரை மேசையும் காலி. புதிதாக அட்டை அடித்தேன். முதல் வாரம் வந்தவர்கள் எல்லோரும் போனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டக் கேட்டவர்கள். "நீ ஒரு தடவ, ஒரே ஒரு தடவ 'ஆமாம்'னு சொல்லிப் பாரேன்டா, போர்டே வெச்சுடலாம்" என்பான் ஜான்சன், தலையைத் தூக்காமல்.

மூன்றாவது வாரம் கடை வாசலில் ஒரு வண்டி நின்றது. தாமு அண்ணன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே தரை பனியாகவும் உருவம் கண்ணாடியாகவும் தலைகீழாக மாறிய ஒரு காசு. சென்னையிலிருந்து ஒரு ஆள் கொண்டுவந்து காட்டியதாம். இப்படி மின்ட்டே அடித்ததா, எவனோ தேய்த்ததா என்று தெரிய வேண்டுமாம்.

நான் அட்டையையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன், "என்னா எழுதணும்ணே?"

ஜான்சன் இருமினான். தாமு அண்ணன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே சீறினார்: "டேய், இது விக்கறதுக்கு இல்ல, நானே காசு குடுத்து வாங்கப் போறது. நெஜத்தச் சொல்லுடா!"

விற்கிறபோது விஷமாயிருக்கும் அதே 'இல்லை' வாங்குகிறபோது மருந்தாகிவிடுகிறது என்று ஊருக்கே தெரிகிறது; நான் மட்டும் இரண்டு வேளைக்கும் ஒரே அளவைத்தான் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.