மலையம்மாள் வைத்த சீர்

புதுவயல் அரிசி மில்லில் நெல் காயவைக்கும் மலையம்மாளுக்கு இருந்தது ஒரே கறவை மாடு. அது வயிறு ஊதிச் செத்தது. மாட்டு டாக்டர் அறுத்து, ஒரு கூடை பிளாஸ்டிக் பைகளை வெளியே இழுத்துப் போட்டார். எல்லாம் ஊர்ப் பெரிய மனிதர் குமரப்பன் மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பைகள். மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலையோடு கொட்டியவை. மேலே அச்சடித்த குமரப்பன் பெயர்கூட அழியவில்லை.

நியாயம் கேட்கப் போனவளை, "மாட்டைக் கட்டிப்போட்டு வளர்க்கத் தெரியாதா?" என்று விரட்டினார் குமரப்பன்.

பைகளைக் கழுவி, காயவைத்து, பத்திரப்படுத்தினாள். பையில் பெயர் போட்டவரே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமென்று நாடு முழுமைக்கும் சட்டம் வரப்போகிறதாம், டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மசோதா நிறைவேற வருஷக்கணக்காகுமாம். அவ்வளவு பொறுமை அவளுக்கு ஏது?

அந்த மகளின் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. சபை நிறைந்த நேரத்தில் சீர்த்தட்டோடு நுழைந்தாள். மஞ்சள், குங்குமம், நடுவே மடித்த பைகள்.

"என்ன இது?" என்றார் குமரப்பன்.

"நீக குடுத்த தாம்பூலந்தேன், ஐயா. என் மாட்டு வயித்துல இருந்துச்சு. சட்டம் வர்றப்ப வரட்டும், பேரு போட்டவுக இப்பவே வாங்கிக்கங்க."

சபையில் வந்த சீரைத் தள்ளினால் பிள்ளைக்கு ஆகாது. குமரப்பன் இரண்டு கையாலும் வாங்கினார்.

மலையம்மாள் நகரவில்லை.

"எல்லார் சீரையும் மைக்குல சொன்னீகளே, இதையும் சொல்லச் சொல்லுங்க."