காற்று போதாத வண்டி

வாலாஜாபாத்தில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகளை விடியற்காலை ஷிப்டுக்கு ஒரகடம் கம்பெனிக்குக் கொண்டுபோய் விடுவதுதான் கோதண்டத்தின் பிழைப்பு. சொந்தமாக ஒரு பழைய டீசல் வண்டி, டிரைவர் போக ஏழு சீட்டு. கொஞ்ச காலமாக அந்த வண்டிக்கு என்ன வந்ததோ, ஏற்றத்தில் இழுக்கவே மாட்டேன் என்றது. பின்னால் கரும்புகை வேறு.

"அண்ணாச்சி, நாங்க வேணா இறங்கித் தள்ளட்டா?" என்று தெற்கத்திப் பெண் மாரிசெல்வி கேட்க, உள்ளே எல்லாரும் சிரிப்பார்கள். கோதண்டத்துக்குத்தான் சிரிப்பு வராது. இரண்டு முறை கம்பெனி கேட் மூடிய பிறகு போய் நின்றாயிற்று. பிள்ளைகளுக்கு அரை நாள் சம்பளம் போயிற்று.

"இன்னொரு தபா லேட்டானா வேற வண்டி வெச்சுக்குவோம்ணே, கோச்சுக்காதீங்க" என்று கம்பெனி சூப்பர்வைசர் சக்திகுமார் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்டாண்டில் கூட ஓட்டும் ஸ்ரீதர்தான் வழி சொன்னான். "இஞ்சினுக்குக் காத்து பத்தலப்பா. பெரிய பைப்பு, ஓப்பன் பில்டர் போடு. பறக்கும்."

மண்ணூரில் மெக்கானிக் அன்பு வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தான். பளபளக்கும் பைப்பும் சிவப்பு பில்டருமாக எடுத்துக் காட்டி விலை சொன்னபோது கோதண்டம் மனசுக்குள் கணக்குப் போட்டார். வண்டியின் தகுதிச் சான்றான எப்.சி. எடுக்கச் சேர்த்து வைத்திருந்த காசு முழுக்க அதற்கே போய்விடும். எப்.சி. இல்லாமல் வண்டியை ரோட்டில் விட முடியாது. பைப்பைப் போடாவிட்டால் ட்ரிப்பே போய்விடும். பெருமாளே, நீதான் ஒரு வழி காட்டணும் என்று வேண்டிக்கொண்டு, "சரி, கழட்டு" என்றார்.

பழைய பில்டர் பெட்டியின் மூடியைத் திறந்த அன்பு அப்படியே நின்றான்.

"இன்னாண்ணே, உள்ள கட கிட வெச்சிக்கிறியா?"

எட்டிப் பார்த்தார். கடித்துக் குதறிய பில்டர் காகிதம், சாக்கு நார், பஞ்சு. நடுவில் எலி கூடு கட்டியிருந்தது. சுற்றிலும் பொரி, பொட்டுக்கடலை.

கோதண்டத்துக்குக் காது சூடாகிவிட்டது. ஆயுத பூஜையன்று, உழைக்கிறது இஞ்சின்தானே, படையலும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று பானெட்டைத் திறந்து இலை போட்டவர் அவர்தான். சிந்தின பொரியைத் தட்டி ரோட்டில் கொட்ட மனசு வரவில்லை. சாமிக்கு வைத்ததாயிற்றே என்று அப்படியே மூடிவிட்டார்.

"எலிக்குப் படைச்சிக்கிற போ" என்று அன்பு விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதப்பா. இப்போ இந்தப் பெரிய பைப்பு வேணுமா வேணாமா? சத்தியமா சொல்லு."

அன்பு தலையைச் சொறிந்தான். "யாவாரின்னா போடுன்னுதான் சொல்லணும். சத்தியம் கேட்டுட்ட. சத்தம் சூப்பரா வரும்ணே, பசங்க அதுக்குத்தான் போடுறானுங்க. ஏழு பேர ஏத்திக்கினு போற உன் வண்டிக்கு அந்தக் காசு தண்டம். இந்த ரோட்டுல லாரி கெளப்புற புழுதி வேற இஞ்சினுக்குள்ள பூந்துடும். இந்த எலிக் கூட்ட எடுத்துப் போட்டு, சாதா பில்டர் புதுசு மாட்டிக்கோ. போதும்."

சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது. ஆனால் பயம் முடியவில்லை. எலி மட்டும்தான் காரணம் என்று யார் கண்டது? காசை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டோமோ?

மறுநாள் விடியலில் ஏழு பேரும் ஏறி உட்கார்ந்ததும் அவர் வாய் தானாகக் கோவிந்தா, கோவிந்தா என்றது. மேம்பாலம் வந்தது. வழக்கம்போல கியரைக் குறைக்கப் போன கை பாதியில் நின்றது. வண்டி முக்காமல் முனகாமல் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"யாரும் மூச்சு விடாதீங்கட்டி, அண்ணாச்சி வண்டி ஓடுது" என்றாள் மாரிசெல்வி.

கோதண்டம் சிரிக்கவில்லை. தூரத்தில் கேட் திறந்திருப்பது தெரிந்த பிறகும் சிரிக்கவில்லை. கடைசிப் பெண் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போகும்வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சக்திகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டிக்கு வழிவிடச் சொல்லிக் கையை ஆட்டினான்.