லேட்டக்கா பின்சீட்டில் ஏறிய கதை

எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி ஒன்று உண்டு. அதில் என்ன சொன்னாலும் கேட்பவர்களுக்குப் புரிவது "கவனிக்கவும்" என்ற ஒரு சொல்தான். அதனால் எல்லோரும் நம்புவது விசாரணைக் கூண்டுக்கு வெளியே தொங்கும் கரும்பலகையை. எந்த பஸ் வருகிறது, எது வரவில்லை, வராதது எவ்வளவு நேரம் கழித்து வரும் என்பதையெல்லாம் அதில் எழுதுகிறவள்தான் லேட்டக்கா.

மலைப்பாதை என்பதால் பஸ்கள் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்வது அபூர்வம். "அக்கா, லேட்டா?", "அக்கா, இன்னும் லேட்டா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவள் மட்டும் ஒரு நாளும் வேலைக்குத் தாமதமாக வந்ததில்லை. எழுத்தும் அப்படித்தான். நிலையத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் ஒவ்வொரு எண்ணும் பளிச்சென்று தெரியும்.

ஒருமுறை பெட்டியும் படுக்கையுமாக வந்த ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டுக் கூண்டுக்குள் எட்டிப்பார்த்தார். "ஒன்றரை மணி நேரம்னு எழுதியிருக்கீங்களே, கொஞ்சம் கம்மியா எழுதினா மனசுக்காவது ஆறுதலா இருக்கும்ல?"

"ஆறுதல் வேணும்னா எதிர்க்கடையில டீ கிடைக்கும். பஸ் எப்போன்னு தெரியணும்னா பலகையைப் பாருங்க," என்றாள் லேட்டக்கா.

இத்தனை பஸ்களுக்கு நடுவில் இருந்தும் அவளுக்குப் பஸ்ஸே ஆகாது. ஏறி உட்கார்ந்து இரண்டு வளைவு தாண்டினால் போதும், குமட்ட ஆரம்பித்துவிடும். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு மலையிறங்கிப் போனவள், போட்டோ எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டே நிற்கிறாள். அதன் பிறகு ஊரை விட்டு எங்கேயும் போனதில்லை.

அவள் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் ஃபோர்மேன். மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். வருடாவருடம் கோடையில் எங்கள் மலைகளில் ஒரு வாரம் நடக்கும் பெண்கள் சைக்கிள் பந்தயத்தில், அதிகாரிகளைப் பின்னால் வைத்து ஓட்டுகிற ஆட்களில் அவரும் ஒருவர். பல நாடுகளிலிருந்து இதையே தொழிலாகக் கொண்ட வீராங்கனைகள் வருவார்கள். தினமும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடிப்பார்கள்.

அந்தப் பந்தயத்திலும் ஒரு பலகை உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஒருவர் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பார். கூட்டத்தை விட்டு முன்னால் ஓடிப்போனவர்கள் யார், அவர்களுக்கும் கூட்டத்துக்கும் எவ்வளவு நேர இடைவெளி என்று எழுதி இரண்டு தரப்புக்கும் காட்டுவது அவர் வேலை. பல வருடம் அதைச் செய்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். "எழுத்து நல்லா இருக்கிற ஆள் யாராவது தெரியுமா?" என்று பந்தயத் தலைவி கேட்டிருக்கிறார். "என் வீட்டுலயே இருக்கே," என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார் ஃபோர்மேன்.

வீட்டில் லேட்டக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் லீவு சொல்லிடு."

"எதுக்கு?"

"ரேஸுல சிலேட்டு பிடிக்கணும்."

"யாரு?"

"நீதான்."

கையில் இருந்த துண்டை அவள் மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள். அது கைக்குட்டை அளவுக்கு வந்த பிறகு கேட்டாள்: "என்னைக் கேட்டீங்களா?"

"இப்போ கேக்கறேன்ல."

இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. "சாப்பாடு இருக்கு" என்பதைக்கூட அவள் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். கடைசியில் சமாதானத்துக்கு வந்தவள் கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் நாத்தனார். அண்ணனுக்காகப் பேச வந்தவள் மாதிரியே தெரியவில்லை. பந்தயக்காரர்கள் கொடுத்துவிட்டிருந்த மேல்சட்டையை எடுத்து லேட்டக்காவின் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

"ரெண்டு பேரு நுழையலாம் போலிருக்கே. இடுப்புல பிடிச்சுத் தர்றேன்."

"நான் போறேன்னு யாரு சொன்னா?"

"போகாட்டி போங்க அண்ணி. ஊருப் பஸ்ஸெல்லாம் எங்கெங்கே போகுதுன்னு இத்தனை வருஷமா எழுதறீங்க. ஒரு தடவையாவது அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்க்க ஆசை இல்லையா?"

லேட்டக்கா அளவெடுக்க வாகாகக் கையைத் தூக்கிக்கொண்டாள்.

முதல் நாள், குமட்டலுக்குப் பயந்து காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனாள். ஃபோர்மேனின் இடுப்பை அவள் பிடித்த பிடியில் அவருக்குத் தோல் கன்றிப்போனது. ஒரு வளைவு போயிற்று, பத்து வளைவு போயிற்று, குமட்டல் வரவே இல்லை. முகத்தில் அடித்த காற்றில் வயிறு தன் வேலையை மறந்துவிட்டது என்றுதான் பிற்பாடு எங்களிடம் சொன்னாள். வந்தது பசிதான். ஃபோர்மேனின் பையில் இருந்த ரொட்டியையும் அவளே தின்று தீர்த்தாள்.

தலைவி அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி சொல்லியிருந்தார். வாயைத் திறக்கக் கூடாது. எழுதியதைக் காட்டலாம், "சபாஷ்" என்றுகூடச் சொல்லக் கூடாது. வாய் ஓயாத லேட்டக்காவுக்கு வளைவுகளைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

பதற்றத்தில் முதல் முறை காட்டும்போதே சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள். கூட்டமே சிரித்தது. ஒருத்தி மட்டும் மிதித்துக்கொண்டே தலையை அப்படியே பக்கவாட்டில் சாய்த்து, ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, தலையை நிமிர்த்தி ஒரு கும்பிடு போட்டாள். தலைக்கவசத்துக்குக் கீழே முதுகில் நீளமாக ஒரு சடை தொங்கியது. அன்றிலிருந்து லேட்டக்காவுக்கு அவள் சடைக்காரி.

சடைக்காரி ஜெயிப்பதற்காக ஓட்டுகிறவள் இல்லை என்பது போகப்போகத்தான் புரிந்தது. அவளுடைய அணிக்கு ஒரு கேப்டன் இருந்தாள். ஒல்லியாக, இறகு மாதிரி இருப்பாள். ஏற்றம் வந்தால் பறப்பாள். அவளுக்காக உழைப்பது மற்றவர்களின் வேலை. சடைக்காரி பின்னால் வரும் அணிக் காருக்குப் போவாள், சட்டைக்குள் முன்னும் பின்னும் தண்ணீர் பாட்டில்களைச் செருகிக்கொள்வாள், விட்ட தூரத்தை மிதித்துப் பிடித்து எல்லோருக்கும் கொடுப்பாள். மறுபடி பின்னால் போவாள். "வீட்டுக்கு விருந்தாளி வந்தா மருமக அடுப்படிக்கும் கூடத்துக்குமா ஓடுவாளே, அந்தக் கதைதான்," என்பாள் லேட்டக்கா. பத்திரிகையில் அவள் படம் வந்ததே இல்லை. ஆனால் சிலேட்டைப் பார்க்கும்போதெல்லாம் சும்மாவாவது தலையை ஒரு சாய்ப்பு சாய்த்துவிட்டுத்தான் போவாள்.

இதெல்லாம் முதல் வருடம். நான் சொல்ல வந்தது மூன்றாம் வருடக் கதை.

அந்த வருடம் பந்தயத்தின் மிகக் கடினமான நாள் எங்கள் ஊரில் முடிவதாக இருந்தது. மலையின் அந்தப் பக்கம் கிளம்பி, உச்சியில் உள்ள கணவாயைத் தாண்டி, இந்தப் பக்கம் இறங்கி, ஆற்றோரமாகச் சமவெளியில் எதிர்காற்றில் வந்து ஊருக்குள் நுழைய வேண்டும். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சடைக்காரி தனியாக முன்னால் ஓடிவிட்டாள். பாட்டில் சுமக்கிறவள்தானே, எவ்வளவு தூரம் போய்விடுவாள் என்று மற்ற அணிகள் கண்டுகொள்ளவில்லை.

ஏற்றம் ஆரம்பித்தபோது அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. பாதி மலையில் பனிமூட்டம் இறங்கியது, கூடவே தூறல். சுண்ணாம்புக்கட்டி கரைந்து வழிந்ததால் லேட்டக்கா மெழுகுக் குச்சிக்கு மாறினாள். பழைய எண்ணைச் சட்டைக் கையால் துடைப்பாள், புதியதை எழுதுவாள். அணியோடு பேசுவதற்கான சடைக்காரியின் காதுக் கருவி மலை மடிப்புக்குள் வேலை செய்யவில்லை. அணிக் காரோ கேப்டனோடு கீழே இருந்தது. அந்தப் பனியில் அவளுக்கு உலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு, முன்னால் மெல்லப் போய்க்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளும் அதன் பின்சீட்டுச் சிலேட்டும்தான்.

இடைவெளி குறையத் தொடங்கியது. நாலு நிமிடம் மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. ஒவ்வொரு முறை காட்டும்போதும் சடைக்காரியின் முகம் இன்னும் கொஞ்சம் வெளிறியது. உச்சி இன்னும் தெரியவில்லை.

அப்போதுதான் நேரம் கணிக்கும் அதிகாரியின் குரல் தலைக்கவசத்துக்குள் வந்தது. இடைவெளி ஒரே நிமிடம். கூட்டம் சிதறிவிட்டது. முப்பத்தொன்றாம் எண் தனியாகப் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறது.

கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளத் தலைக்கவசத்தில் வசதி உண்டு. ஃபோர்மேன் பொறுக்காமல் சொன்னார்: "பாவம்டி. விடிஞ்சதுலேர்ந்து மிதிச்சுட்டு வர்றா. ரெண்டு நிமிஷம்னே போடேன். அந்தத் தெம்புல உச்சிக்குப் போயிடுவா."

"ரெண்டுன்னு போட்டா ரெண்டாயிடுமா?"

"ஆகாதுதான். ஆனா மனசு..."

"நேரா பார்த்து ஓட்டுங்க."

அவள் எழுதினாள். மேலே 31. கீழே 1. குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினாள். திரும்பி சிலேட்டைப் பிடித்தாள்.

சடைக்காரி படித்தாள். அடுத்த கணம் அவள் கால் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது.

"பார்த்தியா, விட்டுட்டா. மனசை உடைச்சுட்டே நீ," என்றார் ஃபோர்மேன்.

லேட்டக்காவுக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் துடித்தது. விதி குறுக்கே நின்றது. சடைக்காரியோ சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்துத் தின்றாள். தண்ணீர் குடித்தாள். சுருட்டி வைத்திருந்த மழைச்சட்டையை உதறி, ஓட்டிக்கொண்டே மாட்டினாள். பிறகு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள்:

"முப்பத்தொண்ணு தனியாவா வருது?"

லேட்டக்கா வாயை இறுக்கிக்கொண்டு சிலேட்டில் 31-ஐத் தட்டிக் காட்டினாள். அப்புறம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

சடைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். முப்பத்தொன்று அவளுடைய கேப்டன். பதற்றத்தில் வண்டியில் இருந்த இருவருக்கும் அது உறைக்கவே இல்லை.

உச்சியைத் தாண்டிய முதல் வளைவில் கேப்டன் வந்து சேர்ந்துகொண்டாள். சடைக்காரி தன் கையிலிருந்த பாட்டிலைக் கொடுத்துவிட்டு முன்னால் போனாள். ஏற்றத்தில் பறக்கிற இறகுதான் கேப்டன். ஆற்றோர எதிர்காற்றில் தனியாக மாட்டியிருந்தால் காற்று அவளைத் தூக்கித் துணிக்கொடியில் போட்டிருக்கும். இப்போது அவளுக்கு முன்னால் ஒரு மதில் போய்க்கொண்டிருந்தது. அந்த மதில் அரைமணி நேரத்துக்கு மேல் காற்றை உடைத்தது. ஃபோர்மேன் இடையில் வண்டியை ஒதுக்கி நிறுத்த, துரத்தி வந்தவர்களுக்கு லேட்டக்கா சிலேட்டைக் காட்டினாள். இடைவெளி குறையவில்லை, கூடியிருந்தது. அதைப் படித்த துரத்தல்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

ஊர்ப் பாலத்தருகே சடைக்காரி சட்டென்று ஓரம் கட்டினாள். கால்கள் நின்றே விட்டன. கேப்டன் தனியாகப் பறந்தாள். வண்டிகளை முடிவுக்கோட்டுக்கு முன்பே சந்துக்குள் திருப்பிவிடுவார்கள் என்பதால் லேட்டக்கா வெற்றியைக் கண்ணால் பார்க்கவில்லை. கட்டடங்களுக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்த கூச்சலைத்தான் கேட்டாள். அவள் கையும் காலும் ஆடியதில் ஃபோர்மேன் வண்டியைச் சாய்க்காமல் நிறுத்தப் பெரும்பாடு பட்டார்.

சடைக்காரி ரொம்பக் கழித்து, கடைசிக் கும்பலோடு கதை பேசிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் சேறு. நடைபாதை ஓரத்தில் கையுறையைப் பிழிந்துகொண்டிருந்த லேட்டக்காவைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்போ பேசலாம்ல?"

"இப்போ பேசலாம். ஏம்மா, அங்கே திடீர்னு மெதுவாயிட்டே? எனக்கு உயிரே போயிடுச்சு."

"கேப்டன் ஒரு நிமிஷத்துல வர்றான்னா நான் எதுக்குச் சாகணும்? தின்னு குடிச்சு, தெம்பா காத்திருந்தேன். அதனாலதான் கீழே இழுக்க முடிஞ்சது."

"ஒருவேளை ரெண்டு நிமிஷம்னு எழுதியிருந்தா?"

"ரெண்டா? தனியாவே ஜெயிச்சுடலாம்னு முக்கியிருப்பேன். உச்சியிலேயே படுத்திருப்பேன். கேப்டன் வரும்போது ஓரத்துல வாந்தி எடுத்துட்டு இருந்திருப்பேன்."

லேட்டக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். வண்டியின் சங்கிலியில் அவருக்கு அவசரமாக ஏதோ கோளாறு தென்பட்டது, குனிந்துகொண்டார்.

"ரெண்டுன்னு எழுதச் சொன்ன மகராசன் அதோ இருக்கார்," என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அணியின் சமையல்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஜெயிச்சது அவ, உனக்கு வருத்தமா இல்லையா?" என்று லேட்டக்கா கேட்டதற்கு, சடைக்காரி முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டாள். "முதல் வருஷம் இருந்துச்சுக்கா. இப்போ அவ கையைத் தூக்கினா எனக்குத்தான் தோள் வலிக்குது. அப்படிப் பழகிப்போச்சு," என்றாள். பிறகு மேடைப் பக்கம் அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினாள்.

சடைக்காரி இன்னும் ஓட்டுகிறாள், லேட்டக்காவும் வருடம் தவறாமல் பின்சீட்டில் ஏறுகிறாள். ஆனால் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் அவள் சொல்வது பந்தயத்தை அல்ல. அது முடிந்த பிறகு நடந்ததைத்தான்.

சாயங்காலம் வரை மலைச்சாலையைத் திறக்கவில்லை. தடுப்புக் கட்டைகளை இன்னும் எடுக்காமல் இருந்தார்கள். சிலேட்டைத் தலைவியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவள், "இன்னொரு தடவை மேல போலாமா?" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா. நாள் பூரா பின்னாடி பார்த்துட்டே வந்தேன். மலையைப் பார்க்கவே இல்லை."

காவலுக்கு நின்றவர் ஃபோர்மேனுக்குத் தெரிந்தவர்; தடுப்பை நகர்த்திவிட்டார். மேலே போனபோது பனி விலகியிருந்தது. கணவாயில் ஒரு வண்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுக்க வெயில் கிடந்தது. ஒவ்வொரு ஊராக விரல் நீட்டி அவள் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். எத்தனையோ வருடம் பலகையில் எழுதிய பெயர்கள். பெரிது என்று நினைத்திருந்த ஓர் ஊரில் நாலைந்து கூரைகள்தான் இருந்தன. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இறங்கும்போது ஃபோர்மேன் இன்ஜினை அணைத்துவிட்டார். வண்டி சரிவில் தானாக உருண்டது. டயர் ஈரச் சாலையில் ஓடும் சத்தமும், எங்கோ தண்ணீர் விழும் சத்தமும் மட்டும் கேட்டன. லேட்டக்கா தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போட்டுக்கோ, விழுந்தா என்னாகும்," என்றார் அவர்.

"மெதுவாத்தானே போறோம்," என்றாள் அவள்.

அவர் இன்னும் கொஞ்சம் பிரேக்கைப் பிடித்தார்.